சைரன் கத்தவில்லை

நைட் டியூட்டி முடிந்து வந்து நீ அசந்து தூங்குகிறாய். எழுப்ப மனமில்லை என்று எழுதலாம்தான். உண்மையில் எழுப்பப் பயம்.

பால் காய்ச்சி மூடியிருக்கிறேன். சாவி ஃப்ரிட்ஜ் மேலே.

காலையில், தும்மினாலே தெருவுக்குக் கேட்கும் நம் சைரன் குளியலறைக் கதவில் விரலை நசுக்கிக்கொண்டாள். பக்கத்திலேயே ஷூ மாட்டிக்கொண்டிருந்த எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. தற்செயலாகத் திரும்பினால், வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள், கண்ணீர் கொட்டுகிறது.

“ஏண்டா கத்தல?”

“பொம்பளப் புள்ள சத்தம் வெளிய வரக் கூடாதுன்னு நீதானப்பா சொன்ன?” அதையும் கிசுகிசுப்பாகத்தான் கேட்டாள்.

முந்தாநாள் என் மேலதிகாரி சாப்பிட வந்தபோது நான் சொன்னது. அலுவலகத்தில் ஆண் பெண் சமத்துவம் பற்றி நாற்பது நிமிடம் முழங்கிக் கைதட்டல் வாங்கிய என் அதே திருவாய். நீ முறைத்ததற்கு, விளையாட்டுக்குச் சொன்னேன் என்று உன்னிடம் சண்டை வேறு.

“அப்பா சொன்னது தப்புடா. வலிச்சா யார் வேணா கத்தலாம். உன் குரல் நல்ல குரல்.”

“அந்த அங்கிள் வந்தா மட்டும் மெதுவாவா?”

குழாயைத் திறந்து அவள் விரலைத் தண்ணீரில் காட்டினேன்.

விரல் மடங்குகிறது, நர்ஸ் நீ, ஒரு தடவை பார். என் பயம் விரலுக்கில்லை. நாளைக்கு எவனாவது கையைப் பிடித்து இழுத்தாலும் இப்படியே வாயைப் பொத்திக்கொள்வாளோ?

பி.கு. பக்கத்து அறையில் படம் வரைகிறாள். நான் கிளம்பக் கதவைத் திறந்ததும், “மெதுவா சாத்துப்பா, அம்மா தூங்குறாங்க” என்றாள். இன்றைக்கு முன் அவள் இவ்வளவு மெதுவாகப் பேசிக் கேட்டதே இல்லை; உன் தூக்கத்துக்காகவா, நான் சொன்னதற்காகவா, தெரியவில்லை.

எழுந்ததும் சமையலறையிலிருந்து அவளை உரக்கக் கூப்பிடு. எந்தக் குரலில் பதில் வருகிறது என்று உடனே ஃபோன் பண்ணிச் சொல்.