சேதம் இல்லை என்று எழுதப்பட்ட காடு

கரியாலூர்
கார்த்திகை 6

அன்பு மகள் இசைவாணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மனசுதான் கொதிக்கிறது. ஐதராபாத்தில் உன்னை நம் கரியராமர் நலமாக வைத்திருக்கட்டும். போனில் பேசினால் கோபத்தில் பாதியை விட்டுவிடுவேன், அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

சாமை அறுக்க நாலு நாள் இருக்கும்போது பிடித்த மழை ஐந்து நாள் விடவில்லை என்று சொன்னேன் அல்லவா, கதிரெல்லாம் சாய்ந்து தரையிலேயே முளைத்துவிட்டது, வீட்டுக்கு ஒரு படி வரவில்லை. மழை விட்டதும் அப்பா ஈரம் காய்வதற்குள் கொள்ளு விதைத்துவிட்டார். சரிவுக் காட்டை நம் ஆட்கள் என்றைக்கு வெறுமையாகப் போட்டார்கள், மண் ஓடைக்கு இறங்கிவிடாதா. கணக்கெடுக்கும் ஆபீசர் இருபது நாள் கழித்து வந்தார். கொள்ளைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, காடு பச்சையா இருக்குது, எங்க சேதம்" என்று கேட்டு, சேதம் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அப்பா அழுகிய சாமைத் தாளை அள்ளிக் காட்டினார், அவர் திரும்பியே பார்க்கவில்லை. ஆடி மாதம் இங்கே கூட்டம் போட்டு, மழை தப்பிப் பெய்கிற காலத்தில் மலை மக்களுக்கு அரசாங்கம் துணை நிற்கும் என்று சொல்லித் தொப்பி கொடுத்தது இவர்கள்தானே. மண்ணை வெறுமையாக விடாதீர்கள் என்று நமக்கே படம் போட்டுக் காட்டினார்கள். அப்படிச் செய்தவருக்கு நிவாரணம் கிடையாது, சும்மா கிடந்திருந்தால் கிடைத்திருக்கும்.

கள்ளக்குறிச்சி ஆபீசுக்கும் போனோம். ஒருத்தர் பரிதாபப்பட்டு, "கொள்ளைப் புடுங்கிப் போட்டுட்டு மறுபடி வந்து பாக்கச் சொல்லுங்க" என்றார். அடுத்த ஆடிக்கு விதைச் சாமை வாங்கக்கூட வழியில்லையே என்று முந்தாநாள் அப்பாவுக்குத் தெரியாமல் காட்டுக்குப் போனேன். ஒரு பிடி பிடுங்கினேன், வேரோடு மண்ணும் வந்தது. அதற்குமேல் கை போகவில்லை, உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மனு நாளில் கலெக்டரிடம் கொடுக்க நீயே ஒரு மனு எழுதி உடனே தபாலில் அனுப்பு. கெஞ்சி எழுதாதே. சாமை போனது மழையால், காடு பச்சையாக இருப்பது எங்கள் உழைப்பால் என்று முதல் வரியிலேயே போடு. அழுகிய தாளை அப்பா மூட்டை கட்டி வைத்திருக்கிறார், அதையும் தூக்கிக்கொண்டு போகிறோம்.

வேளைக்குச் சாப்பிடு, பனியில் தலையை நனைக்காதே. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். பிடுங்கிய செடிகளை அதே இடத்தில் திரும்ப ஊன்றிவிட்டு வந்தேன், நாலு பிழைத்திருக்கிறது. அப்பாவிடம் சொல்லிவிடாதே.

உன் அம்மா
சி. குஞ்சம்மாள்