தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள அப்பாவுக்கு,

கடலும் காற்றும் உங்கள் கப்பலைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். இங்கே நாங்கள் இருவரும் நலம். அம்மாவுக்கு மட்டும் மாடிப்படியைப் பார்த்தாலே முட்டி வலிக்கிறது.

எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது அப்பா! உங்களிடம்தான் முதலில் சொல்ல நினைத்தேன். அதற்குள் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

பௌதிகத்தில் பட்டம் வாங்கிவிட்டுக் குழந்தைகள் பகல்நேரக் காப்பகத்துக்கு வேலைக்குப் போகிறேன் என்றபோது, "ஊர்ப் பிள்ளைங்களுக்குக் கால் கழுவி விடவா உன்னைப் படிக்க வச்சேன்?" என்றீர்கள். ஆமாம், கழுவத்தான் செய்கிறேன்; கூடவே என் தலையும் நனைந்துவிடுகிறது. எது மிதக்கும், எது மூழ்கும் என்று தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நின்று தினமும் பந்தயம் கட்டுகிறோம். ஒரு பயல் என் செருப்பையே போட்டுப் பார்த்துவிட்டான். கல்லூரி ஆய்வுக்கூடத்தில்கூட நான் இப்படிச் சிரித்ததில்லை.

போன வியாழக்கிழமை நடந்ததைக் கேளுங்கள். எங்களிடம் ஒரு வாண்டு இருக்கிறாள், மூன்று வயது நிறையவில்லை. எதையாவது உருட்டிக்கொண்டே இருப்பதால் அவளுக்குச் சுண்டெலி என்று பேர். குளியலறைக்குள் ஓடியவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். திறக்கத் தெரியாமல் ஒரே அலறல். உள்ளே வாளி நிறையத் தண்ணீர். எனக்கு உயிரே போய்விட்டது. பொறுப்பாளர் அம்மா தச்சரைக் கூப்பிட ஓடினார். சமையல்கார அண்ணன் கதவை இடித்துத் திறக்க வந்தார். குழந்தை கதவை ஒட்டித்தான் நிற்கிறாள், வேண்டாம் என்று மறித்தேன்.

ஈரத் தரையில் குப்புறப் படுத்து, கதவின் அடி இடுக்கில் விரலை நீட்டினேன். ஒரு சின்னக் கை அதைப் பிடித்துக்கொண்டது. "அக்கா, ஏன் படுத்திருக்கே?" என்று கேட்டாள். அழுகை நின்றிருந்தது.

"கதவுல ஒரு யானை இருக்கு பாரு, தும்பிக்கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு" என்றேன்.

தேடிப் பிடித்துவிட்டாள். "ஜில்லுனு இருக்கு."

"அதைத் தூக்கு. இப்போ ஜன்னல் பக்கமா இழு."

"யானை வரமாட்டேங்குது அக்கா."

"ரெண்டு கையாலயும் கூப்பிடும்மா."

டக்கென்று ஒரு சத்தம். கதவு திறந்ததும் என் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இன்னொரு வாட்டி விளையாடலாமா?" என்றாளே பார்க்கலாம்! சமையல்கார அண்ணன் அழுதுகொண்டே சிரித்தார்.

தச்சர் அன்றைக்கே அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். பொறுப்பாளர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன்னை எடுக்கும்போது பார்க்கலாம்னு சொன்னேன்ல? பார்த்துட்டேன். இனி நீ நிரந்தரம். திங்கட்கிழமையிலேருந்து சின்னப் பிள்ளைங்க அறை உன் பொறுப்பு" என்றார்.

சுண்டெலியின் அம்மா பஸ் கண்டக்டர். சாயங்காலம் அவரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். டிக்கெட் பை தோளில் தொங்க, குழந்தையை வெகுநேரம் அணைத்துக்கொண்டு நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "நாளைக்கும் நீங்க இருப்பீங்கல்ல?" என்று மட்டும் கேட்டார். இருப்பேன் என்றேன். எந்தப் பரீட்சையிலும் நான் அவ்வளவு உறுதியாகப் பதில் சொன்னதில்லை.

கரை சேர்ந்ததும் வீட்டுக்குப் போன் செய்வீர்கள். அம்மாவிடம் பேசி முடித்தவுடன் வைத்துவிடாதீர்கள் அப்பா. நான் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருப்பேன். பேச ஒன்றும் தோன்றாவிட்டால் சாப்பிட்டாயா என்று கேளுங்கள், அது போதும்.

என்றும் உங்கள்,
வாயாடி