வாக்குச்சீட்டில் இல்லாத ரூபன்ர அம்மா

ரூபன்ர அம்மா,

நேற்றுப் பின்னேரம் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததும் நனைந்த மழைக்கோட்டுகளின் வாசம் வந்தது. ஈரத்துணியும் தரைமெழுகும் கலந்த அந்த வாசம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். நேரம் ஏழு மணி. வகுப்பறைகளிலெல்லாம் விளக்கு எரிந்தது. வேலைச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்த தாய் தகப்பன்மார், பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் முழங்காலை மடித்துக்கொண்டு ஆசிரியர்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். என் சின்னவனுக்காக நானும் ஒரு கதிரையில் குந்தினேன். இந்த ஏழு மணியை வாங்கித் தந்தவர் யாரென்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பெருமையில் நெஞ்சு நிறைந்துதான் இருந்தேன்.

நாங்கள் ஓக்லாந்துக்கு வந்த புதிதில் பெற்றோர் சந்திப்பு இரண்டு மணிக்கு. அந்த நேரம் நான் த்ரீ கிங்ஸ் சூப்பர்மார்க்கெட்டில் வேலைக்கு நிற்பேன். நீங்கள் ஆஸ்பத்திரியில் நிற்பீர்கள். எங்களில் ஒருவராலும் போக முடியாது. பள்ளிக்கூடமோ, இந்தத் தமிழர்களுக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறையில்லை என்று முடிவு கட்டிவிட்டது. எங்களுக்கா! ஒரு புள்ளி குறைந்தால் வீட்டை இரண்டாக்கும் சனத்துக்கா! அதைக் கேட்டு நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். சிரித்து முடித்தபோது உங்கள் முகம் சிவந்திருந்தது.

என் மூத்தவள் வாணிக்கு அப்போது ஆங்கிலம் வராது. வகுப்பின் மூலையில் இருத்தி, நிறம் தீட்டக் கொடுத்துவிடுவார்கள். ஆசிரியை நல்லவர்தான், ஆனால் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க ஆளில்லை. எங்கள் குசினிச் சுவர் முழுக்க அவள் நிறம் தீட்டிய வண்ணத்துப்பூச்சிகள். பிள்ளைக்கு ஒரு வரி வாசிக்கத் தெரியாது. வாணியை பாலத்துக்கு அந்தப் பக்கம் கிளென்ஃபீல்டில் தன் தமக்கை வீட்டில் விட்டு அங்கே படிப்பிக்கலாம் என்று என் வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நின்றார். நானும் இரவெல்லாம் அழுதுவிட்டுச் சம்மதிக்கும் நிலைக்கு வந்துவிட்டேன்.

"நீங்கள் கொண்டுபோய் விடுவியள். போக இடமில்லாத பிள்ளையளுக்கு ஆர் இருக்கினம்? கிட்டக் கிடக்கிற பள்ளிக்கூடத்தை நல்லாக்குவம்" என்றீர்கள். இரண்டு நாள் கழித்து, பள்ளி நிர்வாகசபைத் தேர்தலில் நிற்கப்போவதாக வந்து சொன்னீர்கள். பெற்றோரே வாக்குப் போட்டு ஆட்களைத் தெரிவுசெய்கிற சபை அது. எங்கள் ஆட்களில் ஒருவரும் அதுவரை அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. நீங்கள் வென்றால் வாணி இங்கேயே படிப்பாள் என்று என் வீட்டுக்காரரிடம் வாக்கு வாங்கினேன்.

வேட்பாளர்கள் பேசிய கூட்டம் நினைவிருக்கிறதா? ஒருவர் நீச்சல் குளத்து வெந்நீர் பற்றிப் பேசினார். இன்னொருவர் மண்டபத்துக்கு என்ன நிறம் பூசலாம் என்று படம் போட்டுக் காட்டினார். நீங்கள் எழும்பி, "நான் நர்ஸ். மருந்து குடுக்க முதல் எங்கே நோகுது என்று கேட்பது என் பழக்கம்" என்று ஆங்கிலத்தில் தொடங்கினீர்கள். பிறகு, இரண்டு மணிச் சந்திப்புக்கு வர முடியாதவர்களைக் கை உயர்த்தச் சொன்னீர்கள். விமான நிலையத்தில் வேலை செய்யும் சமோவாத் தகப்பன்மார், பஸ் ஓட்டும் குஜராத்திக்காரர், வெள்ளைக்காரத் தாய்மார் என்று மண்டபம் முழுக்கக் கைகள். தலைமையாசிரியருடைய கையும் பாதி எழும்பி இறங்கியது. பாவம், அவருடைய பிள்ளைகளும் வேறெங்கோ படித்தார்கள். மூலையில் நிறம் தீட்டும் பிள்ளைகளுக்குத் துணை ஆசிரியை ஒருவர் வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது கைதட்டலில் என் காது அடைத்தது. வீட்டுக்குப் போகும்போது எல்லாருடைய வாயிலும் ஒரே பேச்சு. "ரூபன்ர அம்மாவுக்குத்தான் போடுறது."

அங்கேதான் பிழை நடந்தது.

வாக்குச்சீட்டு தபாலில் வந்த அன்று, பள்ளித் தாய்மாரில் ஒருத்தியான கோயம்புத்தூர்க்காரப் பத்மா எனக்குப் போன் எடுத்தாள். "ஏங்க, உங்க ரூபன் அம்மா நிக்கலையா? ரெண்டு தடவ பார்த்துட்டேன், பேரே காணோம். வேற யாருக்காச்சும் போட்டுடவா?"

என் சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். எனக்கும் பிடிபடவில்லை. ஒரு பெயர் மட்டும் எங்கள் ஆட்களின் பெயர் போலிருந்தது. முன்னுக்கு உங்கள் வீட்டுக்காரரின் பெயர், பின்னால் நான் கேட்டேயிராத ஒரு பெண்ணின் பெயர். அது நீங்கள்தான் என்று விளங்கியதும் எனக்குத் தலை சுற்றியது. அடுத்த வீட்டில் இத்தனை காலம் இருந்து, உங்கள் கையால் எத்தனை இடியப்பம் தின்றிருப்பேன்! உங்கள் பெயரை நான் ஒருநாளும் கேட்கவில்லை. உங்களுக்கு நான் வாணியின்ர அம்மா, எனக்கு நீங்கள் ரூபன்ர அம்மா. நாங்கள் கூப்பிடுவதைக் கேட்டு, பள்ளி வாசலில் நிற்கும் சமோவாத் தாய்மாரும் உங்களை 'ரூபன்ஸ் மம்' ஆக்கிவிட்டார்கள். வேட்பாளர் குறிப்போடு படம் கேட்டபோது, "மூஞ்சையைப் பாத்தே போடப்போகினம்?" என்று அதையும் கொடுக்காமல் விட்டிருந்தீர்கள்.

செருப்பும் போடாமல் ஓடிவந்தேன். "எல்லாரும் உங்களுக்குப் போடத்தான் நிக்கினம். ஆனா நீங்கள் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது!"

முதலில் சிரித்தீர்கள். பிறகு கதிரையில் இருந்துவிட்டீர்கள். "அப்ப நான் றோட்டில நிண்டு என்ர பேரை நானே சொல்லுறதோ? வெக்கமாக் கிடக்கு."

"ஆம்பிளையளுக்கு ஊசி போடேக்க வராத வெக்கம் இப்ப எங்கயிருந்து வருது?"

அடுத்தநாள் காலை ஓக்லாந்து மழை பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. பள்ளி வாசலில் குடையோடு நின்றீர்கள். முதல் ஆளுக்கு உங்கள் பெயர் தொண்டைக்குள்ளேயே நின்றது. மூன்றாவது ஆளுக்குக் காதில் விழுந்தது. மணி அடிக்கும் நேரம் தெருவுக்கு அந்தப் பக்கம் போனவர்களையும் கூப்பிட்டு, "அந்தப் பேப்பரிலை இருக்கிறது நான்தான்!" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் கத்தினீர்கள். "அட, இது நீங்களா! நல்லவேள, இன்னும் போடல" என்று பத்மா உங்களைக் கட்டிப்பிடித்தாள். ஒரு கிழமை முழுக்க நின்றீர்கள். வீட்டில் இருந்தபடி நான் தெரிந்த எல்லாருக்கும் போன் எடுத்தேன்.

முடிவு வந்த அன்று என் வீட்டுப் போன் அடித்தது. ஒரு குரல் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி, "கதைக்கிறன்" என்றது.

"ஆர் எண்டு விளங்கேல்லை?" என்றேன் நான்!

"அடி விசரி, நான்தான்! வெண்டிட்டன்! எல்லாரையும்விட எனக்குத்தான் கூட வோட்!"

இரண்டு பேரும் போனில் சிறுபிள்ளைகள் மாதிரிக் கத்தினோம். வாணி கிளென்ஃபீல்டுக்குப் போகவில்லை. துணை ஆசிரியை வந்தார், வண்ணத்துப்பூச்சிகள் நின்றன. அடுத்த மாரிக்குள் அவள் கதைப்புத்தகத்தைச் சத்தமாக வாசித்து என் உச்சரிப்பைத் திருத்தத் தொடங்கினாள். சந்திப்பு ஏழு மணிக்கு மாறியது. முதல் நாளே இருக்கக் கதிரை போதவில்லை.

போன மாரியில் நீங்கள் போய்விட்டீர்கள். தேவாலயத்து இறுதிப் பூசையில் ஃபாதர் உங்கள் முழுப்பெயரையும் வாசித்தார். பின்வரிசை வரைக்கும் சனம். அது யாருடைய பெயர் என்று ஒருவரும் திரும்பிப் பார்த்துக் கேட்கவில்லை. அழுதுகொண்டே அதைக் கவனித்தேன்.

மறுபடி தேர்தல் வருகிறது, அக்கா. உங்கள் இடத்துக்கு நான் நிற்கிறேன். படமும் கொடுத்திருக்கிறேன், மூஞ்சை எப்படியிருந்தாலும் பரவாயில்லை. இன்று காலை உங்கள் குடை போல ஒரு பெரிய குடையோடு வாசலுக்குப் போனேன். புதிதாய் வந்த ஒரு தாய், பிள்ளையின் கையைப் பிடித்தபடி, "நீங்கள் வாணியின்ர அம்மா எல்லே?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன். "என்ர பேர் தவமலர். உங்கட பேர் என்ன?"