ஒரு சங்கு மருந்து

1984, தை மாதம், வெள்ளி இரவு.

வயிற்றுவலிக்குச் சொட்டு மருந்து கொடுத்திருந்த பச்சைக்குழந்தையைப் பார்க்க இன்று எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் போனேன்.

"நல்லாத் தூங்கறானுங்க நர்சம்மா," என்று சிரித்தாள் அதன் அம்மா செல்வி. காலையிலிருந்து பாலுக்குக்கூட எழவில்லையாம். உள்ளங்காலைச் சுண்டினேன். அழவில்லை.

"எத்தனை சொட்டு குடுத்தே கண்ணு?"

"பால் ஊத்தற சங்குலதானுங்க. ஒரு சங்கு ஊத்துனேன்."

இங்கே பிள்ளைக்கு எதைக் கொடுத்தாலும் சங்கில்தான். நான் கொடுத்த சொட்டுக்குழாய் மாடத்தில் புதுசாகவே கிடந்தது.

எஸ்டேட் ஜீப்பில் சேலம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஏறப்போனவள் திரும்ப ஓடிப்போய்ச் சங்கைக் கழுவி எடுத்து வந்தாள்.

"முழிச்சா பால் கேப்பானுங்களே."

ஜீப் இன்னும் மலையேறி வரவில்லை. எழுதுகிறேனே தவிர, காது ரோட்டில்தான் இருக்கிறது.