எதிர்க்கரைச் சுவர்

அக். 14, செவ்வாய். தூறல்.

எதிர்க்கரை ஜான்சன் வீட்டார் பொய் சொல்லித்தான் வெள்ளச் சுவர் வாங்கினார்கள். போன வெள்ளத்தில் தண்ணீர் ஜன்னல் வரை வந்ததாக, அளவெடுக்க வந்த இன்ஜினீயரிடம் சொல்லியிருக்கிறார்கள். வந்தது முழங்கால் அளவு. அவன் வீட்டு ஃபிரிட்ஜைக் கட்டில்மேல் தூக்கி வைத்ததே நான். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஸ்விட்ச் போர்டு முழுகியிருந்தது.

நீவா ஆறு. மற்ற நாளெல்லாம் சித்தூரின் சாக்கடை. எருமை, கோழிக்கடைக் கழிவு, இடித்த வீட்டுச் செங்கல். மேலே ஏரிகள் நிரம்பி வழிந்தால்தான் ஆறு. பாதி அகலத்தை வீடுகள் பிடித்தாயிற்று. இப்போது அந்தக் கரையில் சுவர். அங்கே ஏறாத தண்ணீர் எங்கே ஏறும்? எங்கள் தெருவில்.

அக். 16, வியாழன். மழை.

ரேணிகுண்டா ஒர்க்‌ஷாப்பில் எனக்கு இந்த வாரமும் வேலை இல்லை. வாங்க: மெழுகுவர்த்தி, ஃபினாயில், காலி சாக்கு.

பாலம் தாண்டிப் போனேன். ஜான்சன், சுவர்மேல் உட்கார்ந்து டீ.

"இன்னாடா, எங்க செவுத்தையே பாத்துக்கினு கீற?"

"எப்ப உழும்னு பாக்கறேன்."

சிரித்தான். நான் சும்மா சொல்லவில்லை.

அக். 19, ஞாயிறு. வெயில், புழுக்கம்.

சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தவர்கள் பெயரை வாசித்தார்கள். வெள்ளச் சுவர் கிடைத்ததற்காக ஜா. குடும்பத்தார். எல்லாரும் ஆமென். எங்கள் அம்மாவும்.

வெளியே ஜா.வைப் பிடித்தேன். "உங்கள மாதிரி பொய் சொல்ல எங்களுக்கு வராதுடா."

"உங்க நைனாவப் போய்க் கேளு. இன்ஜினீயர்கிட்ட வாசப்படிகூட நனையலன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன்."

அளவெடுத்த அன்று நான் ஷிஃப்டில். வீட்டுக்கு வந்து கேட்டேன். நைனா எழுந்து போய்விட்டார். அம்மாதான் சொன்னாள்: "உன் தங்கச்சி மெர்சிக்கு மாப்பிள்ளை பாத்துக்கினு கீறோம். தண்ணி பூற வூட்டுக்குத் தலைப்பிரசவத்துக்கு எவன் அனுப்புவான்?"

தெரு முழுக்க அப்படித்தானாம். பெண் இருக்கிற வீடு, விற்க வேண்டிய வீடு, எல்லாரும் கணுக்கால்கூட இல்லை என்றே சொல்லியிருக்கிறார்கள். ஆற்றைக் கேட்காமல் வாயைக் கேட்டு அளந்தால் இதுதான்.

ஜா. வீட்டில் தங்கை இல்லை. அதற்கும் வயிறு எரிகிறது.

அக். 22, புதன். விடாத மழை.

ஏரிகள் வழிகின்றனவாம். ஆறு செம்மண் நிறம், தெருமுனை வரை.

மெர்சியைப் பெண் பார்க்கச் சத்தியவேட்டிலிருந்து வந்தார்கள். பையன் பரவாயில்லை. மெர்சி இரண்டு முறை சிரித்தாள். நடுவில் இன்ஜினீயர், குடையோடு வாசலில். இந்தக் கரைக்கும் சுவர் கேட்டு எழுதப்போகிறாராம், வீட்டுக்காரர் வாயால் மறுபடி சொல்ல வேண்டுமாம்.

"நீள்ளு எந்தவரகு ஒச்சாயி?"

தண்ணீர் எதுவரை வந்தது என்று அவர் தெலுங்கில் கேட்டது சத்தியவேட்டுக்காரர்களுக்கும் புரிந்தது. பையனின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நைனா, உண்மையச் சொல்லு. இப்பவே சொல்லு" என்றேன்.

நைனா வாசல் பக்கம் திரும்பாமல் வடைத் தட்டை எடுத்துப் பையனின் அம்மாவிடம் நீட்டினார்.