கண்ணாடி உடைஞ்சு போச்சாம்

அன்பு மச்சான் பஷீருக்கு,

நீ இருந்திருந்தால் இதைப் பார்த்து, "என்னடா சுந்தரம், புதுசா எழுத்தெல்லாம்?" என்று கிண்டல் பண்ணியிருப்பாய். நானாக எழுதவில்லை. நம் பாலக்கரைச் சுருட்டுக் கம்பெனி பிரசவ ஆஸ்பத்திரி ஆகிவிட்டது. திறப்பு விழாவுக்குச் சிறப்பு மலர் அச்சுப் போடுகிறார்களாம். பழைய சுவரை இஞ்சினியர் பஷீர் எப்படிக் காப்பாற்றினார் என்று, கூட வேலை பார்த்த நான்தான் எழுத வேண்டுமாம்.

என்னத்தை எழுத? எல்லாரும் இடித்துத் தள்ளு என்றபோது நீ மட்டும் அந்தத் தெருப்பக்கச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து, "சுண்ணாம்புக் காரை இன்னும் கல்லு மாதிரி இருக்குடா, இதை இடிச்சா பாவம்" என்றாய். வெளியே பழைய சுவர், உள்ளே புதுக் கட்டடம். குறுக்குச் சுவர்களை எடுத்துவிட்டால் அது தனியாக நிற்குமா? நிக்கவே நிக்காது என்று நான் கத்தினேன்.

நீ சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்தாய். விரிசல்களுக்குக் குறுக்கே விரலகலக் கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்டு வைத்து ஒட்டினாய். சுவர் ஒரு நூல் அசைந்தாலும் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். தினமும் வந்ததும் அதைத்தான் போய்ப் பார்ப்பாய், டீகூட அப்புறம்தான்.

அன்றைக்கு நான் மரக்கடையில் இன்னும் கொஞ்சம் கட்டை பொறுக்கிக்கொண்டிருந்தேன். கடைக் கணக்குப்பிள்ளை போனை வைத்துவிட்டு வந்தார். "பஷீர் சார் பேசினாருங்க. கண்ணாடி உடைஞ்சு போச்சாம். உங்களை உடனே வரச் சொன்னாருங்க."

நான் சிரித்தேன் பஷீர், சத்தியமாகச் சிரித்தேன். அந்த வருஷத்திலேயே இரண்டு தடவை உன் மூக்குக் கண்ணாடிமேல் நீயே உட்கார்ந்து உடைத்திருந்தாய். "திரும்பவும் உக்காந்துட்டாரா மனுஷன்?" என்று சொல்லிக்கொண்டே பெரிய கடைவீதிக்குச் சைக்கிளை விட்டேன். கண்ணாடிக் கடையில் உன் பவர் எழுதி வைத்திருந்தார்கள். புதிது மாட்டித் தருகிறவரை பக்கத்துக் கிளப்பில் உட்கார்ந்து காபி வேறு குடித்தேன். காபி!

நான் வந்து சேர்ந்தபோது தெருவெல்லாம் செங்கல் தூசி. வேலையாட்கள் அத்தனை பேரும் வெளியே நின்றார்கள், நீ அனுப்பியிருந்தாய். "சுந்தரம் கட்டையோட வந்துடுவான்" என்று தெருமுனையையே பார்த்தாயாம். பிறகு பொறுக்காமல், நழுவுகிற முட்டுக்கு ஆப்பு அடிக்க நீ ஒருத்தனே உள்ளே போனாயாம். ஆப்பு இறுகிவிட்டது, சுவரும் நின்றுவிட்டது. மேல் வளைவிலிருந்து நாலு செங்கல்தான் விழுந்தது. அது போதுமாயிருந்தது.

உன் மூக்குக் கண்ணாடி உன் முகத்திலேயே இருந்தது. ஒரு கீறல் இல்லை. புதிது என் சட்டைப்பையில் இருந்தது.

உன் வீட்டில் ஜைனப் என்னைப் பார்த்ததும், "அவங்க கூப்பிட்டதும் ஓடியாந்தீங்களே அண்ணே" என்று அழுதாள். கடைவீதிக்குப் போனதை இன்றுவரை அவளிடம் மறைத்துவிட்டேன். ஒவ்வொரு பெருநாளுக்கும் எனக்குப் பிரியாணி அனுப்புகிறாள், ஒரு வாய் இறங்குவதில்லை. நேராக வந்திருந்தால் நீ இருந்திருப்பாயா? யாரிடம் போய்க் கேட்பேன்?

சுவர் நிற்கிறது, மச்சான். உள்தூண்களோடு இரும்புக் கம்பி போட்டு இழுத்துக் கட்டியாயிற்று. பூச்சு வேலையின்போது உன் கண்ணாடித் துண்டுகளைப் பெயர்க்கச் சொன்னார்கள். சண்டை போட்டு ஒன்றை மட்டும் விடச் செய்தேன், இன்னும் உடையவில்லை. புகையிலை வாசமும் போகவில்லை. இங்கே பிறக்கிற பிள்ளையெல்லாம் தும்மிக்கிட்டேதான் பிறக்கும் என்றாயே, அதை நினைத்து நேற்று வார்டில் நின்று அழுதேன்.

மலர்க்காரர்கள் கையில் கொடுப்பதற்கு முன்னால் இதை ஜைனப்பிடம் நானே படித்துக் காட்டுவேன். அந்தப் புதுக் கண்ணாடியையும் கொடுத்துவிடுவேன். அப்புறமும் அவள் அண்ணே என்று கூப்பிட்டால்தான் நான் உனக்கு மச்சான். இதோ கிளம்புகிறேன். இந்தத் தடவை வழியில் எங்கேயும் நிற்க மாட்டேன்.

இந்த நிமிஷம்வரை உன் மச்சான்,
சுந்தரம்
ஸ்ரீரங்கம்