ஒரு ஹார்னுக்காக வேலையை விடாதே

786

தாராவி, மும்பை
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் அஃப்ஷாவுக்கு உம்மா நஜ்முன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் வாப்பாவும் இங்கே நல்ல சுகம், நீயும் மாப்பிள்ளை ஆஷிக்கும் அங்கே அதைவிட நல்ல சுகத்தோடு இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்லத் தொடங்குவதற்குள் நீ அழுதுவிடுகிறாய், நீ அழுதால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாலோ அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய், நீயே ஒருமுறை உளறிவிட்டாய். தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், எனக்கு வேண்டியதும் அதுதான், மெதுவாகப் படி. மாப்பிள்ளையிடம் கொடுத்துப் படித்துக்காட்டச் சொல்லாதே. உன்னோடு ஸ்கூலில் படித்த சாதியா நாளை மறுநாள் ஹூஸ்டனுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இதையும் கறி மசாலாவும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. இந்த வருஷம் மழை சீக்கிரமே வந்துவிட்டது, சந்தில் கணுக்கால் அளவுத் தண்ணீர். ஸ்கூல் திறக்கிற சமயம் ஆகையால் வாப்பாவின் பட்டறையில் பை தைக்கிற மெஷின்கள் ஓய்வே இல்லாமல் ஓடுகின்றன, மனுஷருக்குச் சாப்பிட நேரமில்லை, ஆனால் டீக்கு மட்டும் எப்படியோ நேரம் கிடைக்கிறது. சர்க்கரை போடாதே என்று டாக்டர் சொன்னதைக் கடைக்காரரிடம் நான் போய்ச் சொல்லிவைத்தேன், இப்போது வேறு கடைக்குப் போகிறார். உன் சாச்சி மகள் ருக்சானா சான்பாடாவில் வீடு எடுத்துப் போய்விட்டாள், கேட்டுக்கு நேர் எதிரே பஸ் ஸ்டாப், பஸ்ஸிலிருந்து இறங்கினால் லிஃப்ட் என்று பெருமையடித்தாள். முன்பெல்லாம் இதில் என்ன பெருமை என்று கேட்டிருப்பேன், இப்போது உன்னை நினைத்துக்கொண்டு மாஷா அல்லாஹ் என்றேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ராஜினாமா எழுதி வைத்துவிட்டேன், கொடுக்க வேண்டியதுதான் பாக்கி என்று போன வாரம் சொன்னாய். என் கடிதம் வந்து படிக்கும்வரை கொடுக்கக்கூடாது என்று உன்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன், அதை மறந்துவிடாதே. நடந்ததை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார். நீ வேலை முடிந்து ஃப்ரீவேயில் வந்துகொண்டிருந்தாய். பக்கத்து லேனில் போன பெரிய பிக்கப் வண்டி உன் பக்கம் சாய்வதுபோல் இருந்தது. இந்தப் பக்கம் நான் வருகிறேன் அண்ணே என்று சொல்கிற மாதிரி ஹார்னை இரண்டு தட்டு தட்டினாய். அவ்வளவுதான் நீ செய்தது. அந்த ஆள் அதற்காக உன் பின்னாலேயே வந்து, நீ இறங்கிய எக்ஸிட்டிலேயே இறங்கி, கடை பார்க்கிங் வரைக்கும் துரத்தி, உன் கார் கண்ணாடியைக் கையால் குத்தி, வாயில் வந்ததையெல்லாம் கத்திவிட்டுப் போனான். நீ கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாய். இதை எங்களிடம் உடனே சொல்லவில்லை, நோன்புப் பெருநாள் அன்று வீடியோவில், பிரியாணி எப்படி வந்தது என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று சொன்னாய். அன்றைக்கு எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. என் பிள்ளை உள்ளே இருக்கும்போது கார் கண்ணாடியை ஒருவன் குத்தியிருக்கிறான், நான் பெருநாள் உடுப்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நீ ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மாப்பிள்ளைதான் விடியுமுன் உன்னை ஆஸ்பத்திரி லேபில் இறக்கிவிட்டு, நேர் எதிர்த்திசையில் இருக்கிற தன் ஆபீசுக்கு ஓடுகிறார், சாயங்காலம் மறுபடி உன்னை ஏற்ற வருகிறார். சண்டையெல்லாம் காருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, வீட்டுக்கு வந்தால் இரண்டு பேருக்கும் பேச்சே இல்லை என்று நீதான் சொன்னாய். வேலையை விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறாய். ஒன்றும் சரியாகாது மகளே. நீ வீட்டில் இருந்தால் பால் வாங்கவும் அவர்தான் வர வேண்டும், பல் வலித்தாலும் அவர்தான் வர வேண்டும், ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போகவும் அவர் லீவுக்காக நீ காத்திருக்க வேண்டும். இன்றைக்குக் காரில் போடுகிற சண்டையை அப்புறம் வீட்டில் போடுவீர்கள். லேப் வேலைக்கான அந்த அமெரிக்கப் பரீட்சைக்கு நீ எப்படிப் படித்தாய் என்று எனக்குத் தெரியும். கீழே மெஷின் கடகடவென்று ஓடும், மேலே நீ காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அப்படிப் படித்து வாங்கிய வேலையை எவனோ ஒரு பிக்கப்காரனின் கோபத்துக்காக விட்டுக்கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

உன் வாப்பாவுக்கு இதில் தனி வருத்தம். நம்ம வேன்ல எம் பக்கத்துல உக்காந்து என்னப் பாத்துப் பழகுன புள்ளதானளா, நான் அடிக்காத ஹார்னா என்று என்னிடம் நாலு தரமாவது சொல்லிவிட்டார். பிறகு ஒரு நாள் ஹார்னையே தொடாமல் ஓட்டிப் பார்க்கிறேன் என்று சரக்கை ஏற்றிக்கொண்டு குர்லாவுக்குக் கிளம்பினார். பாதி வழியில், வேன் பின்னால் வந்து நிற்பதே தெரியாமல் ஒரு வாழைப்பழ வண்டிக்காரர் அப்படியே திரும்பி, பம்பரில் இடிக்கப் பார்த்து, அரே சாச்சா, ஹார்ன் நஹீ ஹை க்யா, மார் டாலோகே க்யா என்று, அதாவது ஹார்ன் இல்லையா, ஆளைக் கொல்லப் பார்க்கிறீரா என்று கத்த, கூட்டம் கூடிவிட்டது. முதலில் ஒரு நல்ல ஹார்னாக வாங்கிப் போடுங்கள் என்று எல்லாரும் புத்தி சொல்லி அனுப்பினார்களாம். வந்து சொன்னபோது நான் சிரித்த சிரிப்பில் மேல் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். இங்கே ஹார்ன் அடிக்காவிட்டால் குற்றம், அங்கே அடித்தால் குற்றம். நீ செய்தது மும்பைக்காரி மட்டும் செய்கிற தப்பு, வேறு எந்த ஊர்க்காரியும் செய்திருக்க மாட்டாள். அதனால் உனக்கு ஓட்டத் தெரியாது என்று ஆகிவிடாது, அந்த ஊர் வழக்கம் தெரியவில்லை, இப்போது தெரிந்துவிட்டது, முடிந்தது. ஆனால் துரத்தி வந்து ஒரு பெண்ணின் கண்ணாடியைக் குத்துவது எந்த ஊரிலும் வழக்கம் இல்லை. அது அவனுடைய கேடு, அதை நீ ஏன் உன் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறாய்.

அந்த ஊரைப் பார்க்காமல் நான் பேசவில்லை. நீங்கள் புது வீட்டுக்குப் போனபோது நான் வந்திருந்தேனே, கறிவேப்பிலை வாங்கலாம் என்று ஒரு நாள் நடந்தே கிளம்பினேன், நடைபாதையே இல்லை, புல்லில் செருப்பு புதையப் புதைய நடந்தேன். ஒரு அம்மா காரை நிறுத்தி, உங்கள் கார் எங்கே பழுதாகி நிற்கிறது, உதவி வேண்டுமா என்று கேட்டாள். நல்ல மனசுதான். ஆனால் அங்கே ஒருத்தி நடக்கிறாள் என்றால் அவள் கார் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்றுதான் அவர்களுக்குத் தோன்றுகிறது. இங்கே நான் பை சாம்பிள்களைத் தோளில் மாட்டிக்கொண்டு சயானில் ரயில் ஏறி மஸ்ஜித் பந்தரில் இறங்கி, மொத்தக் கடைகளைச் சுற்றிவிட்டு வருகிறேன். நசுக்குகிறார்கள், வேர்வை ஊற்றுகிறது, வளையல் உடைகிறது, எல்லாம் சரி. ஆனால் ரயிலை நான் ஓட்டுவதில்லையே. நின்றபடியே கண்ணை மூடினாலும் சயான் வந்துவிடும். நீயோ நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பைப் பார்த்துச் சிவந்த கண்ணோடு, இத்தனை வேகத்தில் எல்லாரும் பறக்கிற ரோட்டில் தனியாக ஓட்டிக்கொண்டு வீடு சேர வேண்டும். அதைப் போக்குவரத்து என்று நான் சொல்ல மாட்டேன், அது சம்பளம் இல்லாத இரண்டாவது டியூட்டி. அதைக் கண்டு பயம் வருவதில் ஒரு வெட்கமும் இல்லை.

இப்போது உனக்குச் சொல்லாமல் வைத்திருந்த சமாச்சாரம். பெருநாள் கழிந்த அடுத்த வாரமே நான் செம்பூரில் டிரைவிங் கிளாஸில் சேர்ந்துவிட்டேன். சிரிக்காதே. வாப்பாதான் முதலில் நானே சொல்லித்தாரேன் என்றார், பட்டறை வாசலிலிருந்து மெயின் ரோடு வருவதற்குள் அவர் போட்ட சத்தத்தில் நான் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து வந்துவிட்டேன். கிளாஸில் எனக்குச் சொல்லித்தர வாய்த்தவள் மாரீஸ்வரி என்று ஒரு பெண், உன் வயசுதான் இருக்கும், சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, வாய் ஓயாது. அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, அந்தத் தைரியத்தில்தான் நான் ஏறி உட்கார்ந்தேன். இரண்டாவது நாளே சிக்னலில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் பஸ், ரிக்ஷா, பைக் எல்லாம் சேர்ந்து அடித்த ஹார்னில் நான் எதையோ திருப்பப் போய் வைப்பரைப் போட்டுவிட்டேன். கொளுத்துகிற வெயிலில் வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது. ம்மா, அவங்க ஒண்ணும் திட்டல, சிக்னல் விழுந்துட்டுன்னு சொல்லுதாங்க, சொல்லட்டும், நீங்க க்ளச்ச மிதிங்க என்றாள் அவள். மறுநாள் போக எனக்கு மனசே இல்லை, காய்ச்சல் என்று பொய் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். அப்போதுதான் உன் பயம் என்னவென்று எனக்கு விளங்கியது. அதுவரை நான் போனில் உனக்குச் சொன்ன தைரியமெல்லாம் கட்டிலில் கால் நீட்டிக்கொண்டு சொன்ன தைரியம். ஆனாலும் போனேன். டேங்கர் லாரிகள் போகிற டிராம்பே ரோட்டில் ஒரு நாள் காலையில் ஓட்டிக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்க்கிறேன், மாரீஸ்வரி ஸீட்டில் சம்மணம் போட்டு வடாபாவ் தின்றுகொண்டிருக்கிறாள். பிரேக்கில் கால் எங்கேயடி என்று பதறினேன். அது அங்கன இல்லாம நாலு நாளாச்சும்மா என்றாள். போன வாரம் டெஸ்ட் பாஸாகிவிட்டேன், அல்ஹம்துலில்லாஹ். லைசென்ஸ் போட்டோவில் மட்டும் திருடி மாதிரி இருக்கிறேன்.

ஆகவே இப்போது சொல்கிற புத்தி ஓட்டத் தெரிந்தவள் சொல்கிற புத்தி, கேட்டுக்கொள். ஃப்ரீவேயில் லேன் மாறுவதற்குத்தான் உனக்கு நெஞ்சு அடிக்கிறது என்றாய். லேடீஸ் கம்பார்ட்மெண்டில் சயானில் இறங்க நாம் என்ன செய்வோம்? சயான் வந்த பிறகா எழுந்திருப்போம்? தாதர் தாண்டியதும் எழுந்து, முன்னால் நிற்பவளிடம் சயானா என்று கேட்டு, அவள் நகர நாம் நகர, மாட்டுங்கா வருவதற்குள் கதவுப் பக்கம் வந்துவிடுவோம். காலேஜ் போன நாளெல்லாம் நீ அதைத்தானே செய்தாய். அங்கேயும் இரண்டு எக்ஸிட் முன்னாலேயே ஓரத்து லேனுக்கு வந்துவிடு. வாயால் கேட்பதற்குப் பதில் இண்டிகேட்டரால் கேள், கேட்டுவிட்டுப் பொறு, யாராவது ஒருவர் இடம் விடுவார். ஒருவேளை எக்ஸிட்டைத் தவறவிட்டுவிட்டால் அடுத்ததில் இறங்கித் திரும்பி வா, சயானைத் தவறவிட்டால் அடுத்த ஸ்டேஷன் குர்லா போய்த் திரும்பி வருவதில்லையா. பசியோடு ஓட்டாதே, சண்டை போட்ட கையோடு ஓட்டாதே. ஞாயிற்றுக்கிழமை ரோடு காலியாக இருக்கும்போது ஆஸ்பத்திரி வரைக்கும் ஃப்ரீவேயில் ஏறாமல் பக்கத்துச் சர்வீஸ் ரோட்டிலேயே போய் வா. முதல் நாள் நடுங்கும், நடுங்கட்டும். மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதே, அவர் தங்கமான மனுஷர், ஆனால் என் வீட்டுக்காரரும் தங்கமான மனுஷர்தான்.

இன்னொன்று. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த அடுத்த சனிக்கிழமை நான் அங்கே வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. சமைத்துப்போட வரவில்லை, உன் பக்கத்து ஸீட்டில் உட்கார வருகிறேன். ஏர்போர்ட்டுக்கு நீயே தனியாகக் காரை ஓட்டி வந்து என்னை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். விமானம் மத்தியானம் இறங்குகிறது, அந்த நேரம் ரோட்டில் கூட்டம் குறைவு என்று சாதியா சொன்னாள். மாப்பிள்ளையிடம் பேசிவிட்டேன், முதலில் தயங்கினார், பிறகு சரி மாமி, நான் வரலை, அவளே வரட்டும் என்று ஒப்புக்கொண்டார். உன்னை நினைத்து அவருக்கும் கவலைதான், அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன், நீ அவரிடம் கேட்காதே. வாடகைக் கார் அனுப்பினால் ஏற மாட்டேன். ராஜினாமாவை உன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு வா. என்னை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகும் அதைக் கொடுக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் திங்கட்கிழமை கொடு, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

அல்லாஹ் உனக்கு மனத்தெம்பையும் நீண்ட ஆயுளையும் தரட்டும், வீட்டில் பரக்கத்தைத் தரட்டும், போகிற வழியிலெல்லாம் உன்னைப் பாதுகாக்கட்டும். வாப்பா உனக்கும் மாப்பிள்ளைக்கும் சலாம் சொல்லச் சொன்னார். காரில் ஏறும்போது பிஸ்மி சொல்லி ஏறு. வழியில் பயம் வந்தால் ஓரமாக நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பு. எவ்வளவு நேரமானாலும் சரி, ஏர்போர்ட்டில் வெளியே வருகிற வாசலில் பெட்டி மேல் உட்கார்ந்திருப்பேன், நீ வராமல் எழுந்திருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் பயமில்லாமல் உட்காரப்போகும்
உன் உம்மா
கா. நஜ்முன்னிசா